விரல் அகல அலை

கடல் மட்டத்துக்குத் தொள்ளாயிரத்து இருபது மீட்டர் மேலே,
சி.வி. ராமன் நகரில், இரண்டாம் மாடியில்,
ஏ.சி. சொட்டும் ஓர் அறையில்
கடல் செய்கிறேன் நான்.

உப்பு கிடையாது. ஈரமும் அந்த ஏ.சி. தண்ணீர்தான்.
காற்று நொடிக்கு ஏழு மீட்டர் என்று கொடுத்தால்
கட்டம் கட்டமாக ஒரு பரப்பு எழும்பி
அலையோடு உறைந்து நிற்கும்.
அதன்மேல் ரேடார் கதிரைச் சாய்த்து எறிவேன்,
அடிவானத்தை உரசிப் போகிற மாதிரி, மூன்று பாகையில்.
எவ்வளவு திரும்பி வருகிறது?
அவ்வளவுதான் கணக்கு.
வழவழப்பான கடல் எதையும் திருப்பித் தராது,
அப்பால் தள்ளிவிடும்.
கேட்டால் பதில் சொல்வது சொரசொரப்புதான்.

சேர்ந்த புதிதில் நம்பச் சிரமப்பட்டேன்:
மூன்று சென்டிமீட்டர் ரேடாருக்கு
மூன்று ஆள் உயர அலை கண்ணில் படுவதில்லை.
அந்த அலையின் முதுகில்
காற்று கீறிய நெளிவு,
ஒன்றரை சென்டிமீட்டர்,
என் ஆள்காட்டி விரல் அகலம்.
அதனோடுதான் அதற்குப் பேச்சு.
பேரலை செய்வதெல்லாம்
நெளிவுகளைத் தூக்கிக் காட்டுவது,
பிறகு சாய்ந்து மறைப்பது.

அல்சூரில் பிறந்தவள். ஏரி தெரியும்.
கடலை முதலில் பார்த்தபோது இருபத்தாறு வயது,
கார்வாரில், கையில் காற்றுமானி,
காதில் திப்பேசுவாமியின் கத்தல்:
"டைம் நோட் மாடி மேடம், டைம்!"
கால் நனைக்க நேரமில்லை.

திப்பேசுவாமிக்குக் கடல் என்றால் இரைச்சல்.
துடைத்தெடு, படகு தெரியட்டும் என்பார்.
பக்கத்து மேசை ரெஹ்னுமாவுக்குப் படகுதான் இரைச்சல்,
அவள் தேடுவது காற்றை;
சராசரியைக் கெடுக்க வந்த புள்ளியைச்
சபித்துக்கொண்டே அழிப்பாள்.
ஒரே பதிவு.
ஒருவர் குப்பையில்
இன்னொருவர் சம்பளம்.

பன்னிரண்டாம் பதிவில், இரவு இரண்டேகாலுக்கு,
என் வளைவு தரவின்மேல் அழகாகப் படிந்தது,
வாலைத் தவிர.
வால் தடித்திருந்தது.
அரிதாக வரவேண்டியவை
அவ்வளவு அரிதாக இல்லை.

கட்டம் 611.
மூன்று நொடி எரிந்தது, அணைந்தது.
உடைகிற அலை அப்படித்தான் எரியும்.
சின்னப் படகும், பள்ளத்திலிருந்து ஏறி
உச்சியில் நிற்கும்போது அப்படித்தான் எரியும்,
இறங்கினால் இருட்டு.
கிடை அலையிலும் நெடு அலையிலும்
ஏறக்குறைய ஒரே பலம்: இரண்டுக்கும் பொருந்துகிறது.
காற்றோடு மெதுவாக நகர்ந்திருக்கிறது: அதுவும்.
அன்றிரவு பதிவேட்டில் படகு ஏதும் இல்லை.
பதிவேட்டில் இல்லாத படகுகளுக்காகத்தானே
இந்த ரேடார்.

வரம்பு என் கையில் இருக்கிறது.
ஒரு டெசிபல் ஏற்றினால் அது தண்ணீர்.
இறக்கினால் அதில் ஆட்கள்,
இரண்டு பேரோ நாலு பேரோ,
ஒருவன் தூங்கிக்கொண்டும் இருக்கலாம்.

"அலெயா, தோணியா?" என்றார் திப்பேசுவாமி,
திரையைப் பார்க்காமலே, டிபன் டப்பாவைக் கழுவக் கிளம்பியபடி.
கன்னடத்தில்தான் கேட்டார்.
இரண்டு சொல்லுமே எனக்கு மொழிபெயர்க்கத் தேவையில்லை.
தோணி என்றுதான் தோணியது.
சொல்லவில்லை.
தோணுவதற்குச் சமன்பாடு கிடையாது.

வாலை வெட்டாமல் அறிக்கையை அனுப்பினேன்.
611-க்கு எதிரே: விளக்கப்படவில்லை.
வெட்டியிருந்தால் பொருத்தம் இன்னும் நன்றாக இருந்திருக்கும்,
ரெஹ்னுமா சொன்னாள், சரிதான்.

வெளியே மழை விட்டிருந்தது.
கக்கதாசபுர ரயில்வே கேட் வழக்கம்போல் மூடியிருக்க,
ஸ்கூட்டரில் கால் ஊன்றி நின்றேன்.
முன்னால் ஒரு குட்டை. எதிர்வரிசை ஹெட்லைட்டெல்லாம்
அதில் சாய்ந்து விழுந்து என்னைத் தாண்டிப் போயின.
காற்று ஒருதரம் தொட்டது.
குட்டை முழுக்க நெளிவு, விரல் அகலம் இருக்கும்,
சட்டென்று வெளிச்சத்தில் கொஞ்சம்
வந்த பக்கமே திரும்பியது.

ரயில் இன்னும் வரவில்லை.
பின்னால் யாரோ ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.